காஸ்பரோவுக்கு 61 ஓட்டுதானா? 2014 ஃபிடே தேர்தல் பற்றி ஒரு சந்தேகம்

மாடிவீட்டுச் சிப்பாய்:

வணக்கம். எனக்கு செஸ் அவ்வளவாகத் தெரியாது. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், இரண்டு வருடமாக டோர்னமென்ட்டுகளுக்குப் போகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் மண்டப வாசலில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது என் வேலை. பொழுது போகாமல் செஸ் வரலாறு படிக்க ஆரம்பித்தேன்.

போன ஞாயிறு படித்த ஒன்று மண்டையைக் குடைகிறது. காஸ்பரோவ் 1985இலிருந்து 2000 வரை உலக சாம்பியன். 2014இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் தலைவர் பதவிக்கு நிற்கிறார். நார்வேயில் டிரோம்சோ என்ற ஊரில், நாட்டு அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட் நடக்கும்போதே தேர்தல். எதிரே நிற்பவர் கிர்சான் இல்யும்ஜினோவ். வேற்றுக்கிரகவாசிகள் 1997இல் தன்னை விண்கலத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று டிவியில் உட்கார்ந்து சொன்ன மனிதர். முடிவு என்ன தெரியுமா? கிர்சான் 110, காஸ்பரோவ் 61. அதற்கு முன்னால் 2010இல் இன்னொரு முன்னாள் உலக சாம்பியன் கார்ப்போவும் இதே ஆளிடம் 95க்கு 55 என்று தோற்றிருக்கிறார்.

மகளிடம் சொன்னேன். "ஓட்டுப் போட்டவங்களுக்கெல்லாம் செஸ் தெரியாதாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடி விழுந்தது:

இதில் விளக்க என்ன இருக்கிறது. பணம், அப்புறம் மாஸ்கோ. காஸ்பரோவ் புதினை எதிர்த்து அரசியல் செய்து, 2013இல் நாட்டை விட்டே வெளியேறியவர். 2014இல் குரோஷியா குடியுரிமை வாங்கினார். ரஷ்யத் தூதரகங்கள் நாடு நாடாகப் போய் கிர்சானுக்கு ஓட்டுக் கேட்டன என்று காஸ்பரோவ் தரப்பு சொன்னது. கதை முடிந்தது.

பழைய ஆர்பிட்டர்:

தம்பி, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அவர்களுக்கு செஸ் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் அவர்கள் சங்கச் செயலாளர்கள். நான் முப்பது வருடம் ஆர்பிட்டராக, அதாவது போட்டி நடுவராக இருந்தவன். அதில் எட்டு வருடம் ஒரு மாவட்ட சங்கத்தில் இணைச் செயலாளர். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாம் இன்னும் இருக்கிறார்கள், கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்கிறோம்.

முதலில் எண்ணைப் பாருங்கள். 2006இல் டூரினில் பெசல் கோக் என்ற தொழிலதிபர் கிர்சானை எதிர்த்து நின்றார். 96க்கு 54. 2010இல் கார்ப்போவ், 95க்கு 55. 2014இல் காஸ்பரோவ், 110க்கு 61. கணக்குப் போட்டால் மூன்றிலும் கிர்சானுக்கு நூற்றுக்கு 63, 64. கோக் யாரென்று செஸ் உலகத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. மற்ற இருவரும் யாரென்று உலகத்துக்கே தெரியும். ஓட்டு மட்டும் நகரவே இல்லை. மாஸ்கோ காரணம் என்று மேலே நண்பர் சொல்வது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோக்கை நினைத்து மாஸ்கோ தூக்கம் கெட்டிருக்காது. அவருக்கும் அதே விகிதம்தானே விழுந்தது?

ஃபிடேயில் ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. ஊருக்கு ஊர் கிராண்ட்மாஸ்டர் இருக்கும் ரஷ்யாவுக்கும் ஒன்று, நாட்டுக்கே ஒரு கிராண்ட்மாஸ்டர் இல்லாத தீவுக்கும் ஒன்று. பல நாடுகளில் செஸ் சங்கம் என்றால் ஒரு மனிதர், ஒரு பீரோ, அதற்குள் ஆட்ட நேரம் அளக்கும் க்ளாக்குகள், பாதி ஓடாதவை. ஒலிம்பியாடுக்கு ஐந்து பேரை அனுப்ப விமான டிக்கெட் எங்கிருந்து வரும், ஆர்பிட்டர் பயிற்சி வகுப்பு எடுக்க யாரை அனுப்புவார்கள், பழைய சந்தா பாக்கியை என்ன செய்வது என்பதுதான் அந்த மனிதரின் கவலை. உலக சாம்பியன் பட்டத்துக்கு நல்ல ஸ்பான்சர் வேண்டும், செஸ்ஸின் மானம் காக்க வேண்டும் என்று நீங்கள் மேடையில் பேசினால் அவர் கை தட்டுவார். ஓட்டை வேறு பக்கம் போடுவார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் போட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல். ஒரு பக்கம் எங்கள் மாவட்டத்தின் ஒரே நல்ல ஆட்டக்காரர், மாநில அளவில் ஆடியவர். இன்னொரு பக்கம் அரிசி மில் வைத்திருந்த ஒருவர். குதிரை எப்படித் தாவும் என்பதற்கு மேல் அவருக்கு ஆட்டத்தில் பெரிய பழக்கம் கிடையாது. ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் கூட்டம், மொத்தம் 19 ஓட்டு. ஆட்டக்காரர் அரை மணி நேரம் பேசினார். அணித் தேர்வில் நடக்கும் கோளாறு, டோர்னமென்ட்டுகளின் தரம், பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் என்று சொன்னதெல்லாம் சரி, ஒரு வார்த்தை தப்பில்லை. மில்காரர் எழுந்தார். ஒரு ரெக்சின் பையைத் திறந்து ஆறு க்ளாக்கை எடுத்து மேஜையில் வைத்தார். எங்களிடம் க்ளாக்கே இல்லாத தாலுகா மூன்று இருந்தன. "ரெண்டு ரெண்டா எடுத்துக்குங்க. சாப்பாடு கீழே ரெடி" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

15க்கு 4. அந்தப் பதினைந்தில் ஒன்று என்னுடையது.

க்ளாக்குக்காக நான் போடவில்லை, எங்கள் தாலுகாவில் நான்கு இருந்தன. அந்த ஆட்டக்காரரின் போர்டு பக்கத்தில் பத்து வருடம் நின்றிருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாத காலம், ராத்திரி ஒரு மணி வரை கார்டு போட்டு அடுத்த சுற்றுக்கு அவருக்கு ஜோடி சேர்த்திருக்கிறேன். அன்று காலை ஹால் வாசலில் நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டு "நீங்க எந்த தாலுகா சார்?" என்று கேட்டார். மில்காரருக்கு என் பெண் பிளஸ் டூவில் கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்பது வரைக்கும் தெரியும். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, டிரோம்சோவுக்கு வருகிறேன். காஸ்பரோவ் வீட்டில் உட்கார்ந்து ஓட்டுக் கேட்கவில்லை, கண்டம் கண்டமாகச் சுற்றினார். ஆனால் அவர் எங்கே போனாலும் 1993 பின்னாலேயே போயிருக்கும். அந்த வருடம் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டுடன் ஆட வேண்டிய உலகப் பட்டப் போட்டியை ஃபிடேயிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்த் தனி அமைப்பின் கீழ் ஆடினார். அதன் பிறகு 2006 வரை உலகத்துக்கு இரண்டு சாம்பியன். அந்தப் பதின்மூன்று வருடமும் சின்ன சங்கங்கள் பட்ட பாட்டைச் செயலாளர்கள் மறப்பார்களா? "எந்த சாம்பியன் சார் உண்மையான சாம்பியன்?" என்று கேட்டுவிட்டு ஸ்பான்சர் எழுந்து போவதை எங்கள் மாவட்ட அளவிலேயே பார்த்திருக்கிறேன். அது தன் ஆட்ட வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்று காஸ்பரோவே பின்னால் சொன்னார். ஆனால் வீட்டை உடைத்தவரே சாவியைக் கேட்டு வந்தால் கொஞ்சம் தயங்கத்தானே செய்வார்கள்?

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடுவது. 2013இல் ஆனந்த், கார்ல்சன் உலகப் பட்டப் போட்டி சென்னைக்கு எப்படி வந்தது? பாரிஸும் கேட்டது, பரிசுத் தொகையும் அதிகமாகச் சொன்னது. கார்ல்சனின் நாட்டுக்காரர்களான நார்வேக்காரர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஆனாலும் சென்னைக்கே கிடைத்தது. ஜெயலலிதா அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கியது, நாமெல்லாம் மகிழ்ந்தோம். நான் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்போது ஃபிடே தலைவர் நாற்காலியில் இருந்தவர் இதே கிர்சான். நமக்கு வந்ததும் ஒரு ரெக்சின் பைதான், தம்பி. கொஞ்சம் பெரிய பை.

மலைக்கோட்டை யானை:

ஆர்பிட்டர் சார், கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கிர்சானுக்கு வக்காலத்து வாங்குவது போல இருக்கிறது. ஆறு க்ளாக் கொடுத்த மில்காரர் வேறு, இந்த ஆள் வேறு. ரஷ்யாவுக்குள் இருக்கும் கல்மிகியா குடியரசுக்கு 1993இலிருந்து 2010 வரை அதிபர். ஏழைப்பட்ட ஊர். அங்கே எலிஸ்டாவில் 1998 ஒலிம்பியாடுக்காக ஒரு செஸ் நகரத்தையே கட்டினார். 2011இல் நேட்டோ குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது திரிபோலிக்குப் போய் கடாஃபியோடு செஸ் ஆடினார். 2015இல் சிரியா அரசோடு தொடர்பு என்று சொல்லி அமெரிக்கா அவர் மேல் தடை போட்டது. அதன் விளைவாக 2018இல் ஃபிடேவின் வங்கிக் கணக்கையே மூடினார்கள். ஒருவரை வைத்துக்கொண்டு அமைப்பே கணக்கில்லாமல் நின்றது.

ஆனந்துக்குச் செய்ததையும் சொல்லுங்களேன். 1997 டிசம்பரில் குரோனிங்கனில் நாக் அவுட் முறையில் உலகப் போட்டி. ஆனந்த் சுற்றுக்குச் சுற்று ஜெயித்து, கடைசியில் இங்கிலாந்தின் ஆடம்ஸையும் தட்டிவிட்டு வந்தார். கார்ப்போவ் ஒரு சுற்றுகூட ஆடவில்லை, நேராக இறுதிப் போட்டி. அதுவும் சில நாள் இடைவெளியில் ஜனவரி தொடக்கத்திலேயே லோசானில். ஆறு ஆட்டத்தில் 3க்கு 3, பிறகு ரேப்பிட் என்ற வேக ஆட்டத்தில் ஆனந்த் தோற்றார். இது யார் ஆட்சியில் நடந்தது?

பழைய ஆர்பிட்டர்:

யானை சொன்னது அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். லோசான் விஷயத்தில் எனக்கு உங்களைவிட ஆத்திரம் அதிகம். ஒரு ஆர்பிட்டராகச் சொல்கிறேன், தாலுகா டோர்னமென்ட்டில் அப்படி ஒரு விதி போட்டால் பெற்றோர்கள் என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டிருப்பார்கள். ஆனால் குரோனிங்கன் போட்டியின் மொத்தப் பரிசு 50 லட்சம் டாலர். நூறு ஆட்டக்காரர்களுக்குச் சம்பாத்தியம். அந்தப் பணத்தை நினைத்துப் பல பேர் வாயைத் திறக்கவில்லை.

காஸ்பரோவும் பை கொண்டுபோகப் பார்த்தார் என்பதுதான் வேடிக்கை. சிங்கப்பூரின் இக்னேஷியஸ் லியோங், கிர்சானின் கீழேயே ஃபிடே பொதுச் செயலாளராக இருந்தவர். அவரைத் தன் அணிக்கு இழுத்தார். இருவருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம். லியோங் குறைந்தது 11 ஓட்டுச் சேர்த்துத் தர வேண்டும், அவர் நடத்தும் செஸ் அகாடமிக்குப் பணம் வரும் என்பது அதன் சாரம். 2014 ஜனவரியில் அந்தத் தாள் பத்திரிகையில் வெளியாகிவிட்டது. 2015இல் ஃபிடே நன்னடத்தைக் குழு இருவருக்கும் இரண்டு வருடத் தடை போட்டது. அந்தக் குழுவை நடுநிலையானது என்று நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, தாள் இருந்தது உண்மை.

எங்கள் மில்காரர் எழுத்தில் எதையும் வைத்துக்கொண்டதில்லை.

மாடிவீட்டுச் சிப்பாய்:

நன்றி சார். இன்னும் இரண்டு கேள்வி. கார்ப்போவும் காஸ்பரோவும் ஜென்ம விரோதிகள் என்று படித்தேன், ஆனால் 2010இல் காஸ்பரோவ் கார்ப்போவுக்காகப் பிரசாரம் செய்தார் என்கிறார்கள். அது எப்படி? அப்புறம், ஒரு முன்னாள் சாம்பியன்கூட இந்தப் பதவிக்கு வந்ததே இல்லையா? ஆனந்த் நின்றிருந்தால்?

பழைய ஆர்பிட்டர்:

விரோதிகள்தான். 1984 செப்டம்பரில் இருவருக்கும் ஆரம்பித்த உலகப் பட்டப் போட்டி 1985 பிப்ரவரி வரை இழுத்தது. 48 ஆட்டம், அதில் 40 டிரா. கார்ப்போவ் 5 வெற்றி, காஸ்பரோவ் 3 வெற்றி என்று இருந்தபோது அன்றைய ஃபிடே தலைவர் கம்போமானஸ் வந்து நிறுத்தினார். கடைசி இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்து வந்துகொண்டிருந்தவர் காஸ்பரோவ். ஃபிடே மேல் அவருக்கு இருந்த கசப்பு அங்கே தொடங்கியது என்பது என் எண்ணம். ஆனால் 2007இல் மாஸ்கோவில் ஊர்வலம் போனதற்காக காஸ்பரோவை ஐந்து நாள் உள்ளே வைத்தபோது அவரைப் பார்க்கச் சிறை வாசலுக்குப் போனவர் கார்ப்போவ். உள்ளே விடவில்லை. இருபத்து மூன்று வருடத்துச் சண்டையில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான். 2010இல் காஸ்பரோவ் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒருவர் புதினின் பாராளுமன்றத்தில் உறுப்பினர், இன்னொருவர் ஊருக்கே திரும்ப முடியாதவர். அது வேறு கதை.

அந்த 2010 தேர்தலில் கார்ப்போவைச் சொந்த நாட்டுச் சங்கமே தூக்கிப் பிடிக்கவில்லை. ரஷ்யச் சங்கத்தின் மேற்பார்வைக் குழுவில் ஒரு பகுதி கூடி கார்ப்போவை முன்மொழிந்தது. அதை ஏற்காமல் கிர்சான் பக்கம் நின்றவர் குழுத் தலைவர் அர்காடி துவோர்கோவிச், அப்போது கிரெம்ளின் ஆலோசகர். பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? 2018இல் பட்டுமியில் 103க்கு 78 என்று ஜெயித்து ஃபிடே தலைவரானாரே, அவரேதான். அவருடைய அப்பா சர்வதேச ஆர்பிட்டர். எங்கள் தொழில்காரர் பிள்ளை என்று எனக்கு ஒரு அற்பப் பெருமை.

சாம்பியன் வந்ததே இல்லையா என்றால், ஒருவர் வந்தார். டச்சுக்காரர் மாக்ஸ் யூவே. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 1935இல் அன்றைய சாம்பியன் அலேகினை ஜெயித்து, 1937இல் அவரிடமே தோற்றார். ஃபிடே தலைவரானது 1970இல். நடுவில் முப்பத்து மூன்று வருடம். அதற்குள் சாம்பியன் என்ற சூடெல்லாம் ஆறி, வாத்தியார் மட்டும்தான் மிஞ்சியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் நாற்காலியில் அவரும் நிம்மதியாக இருக்கவில்லை. 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் உலகப் பட்டப் போட்டிக்கு அமெரிக்காவின் ஃபிஷர் நேரத்துக்கு வராதபோது விதியை வளைத்து இரண்டு நாள் தள்ளி வைத்தார், சோவியத்காரர்கள் கொதித்தார்கள். 1975இல், அப்போது சாம்பியனாக இருந்த ஃபிஷரின் நிபந்தனைகளில் ஒன்றை ஃபிடே ஏற்காததால் அவர் ஆட வரவில்லை. ஒரு காய்கூட நகர்த்தாமல் இன்னொருவரை உலக சாம்பியன் என்று யூவே அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த இன்னொருவர் கார்ப்போவ்.

ஆனந்த் கதைக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தபோது சென்னையிலேயே ஃபிடே கூட்டமும் நடந்தது. துவோர்கோவிச் 157, உக்ரைனின் பாரிஷ்போலெட்ஸ் 16. உக்ரைன் போர் ஆரம்பித்து அரை வருடம்தான் ஆகியிருந்தது, முன்னாள் ரஷ்யத் துணைப் பிரதமருக்கு அந்த ஓட்டு! நம் ஆனந்த் துவோர்கோவிச் அணியில் துணைத் தலைவராக நின்று வந்தார். தலைவர் பதவிக்கே நின்றிருக்கலாமே என்று அப்போது நிறைய பேர் ஆதங்கப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டை எண்ணத் தெரிந்தவர் பக்கத்தில் உட்காருவது மோசமான இடம் ஒன்றும் கிடையாது. ஒரு தலைவர் இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியையும் 2023 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். அப்போது மட்டும் கொஞ்சம் நெருடியது. கிர்சான் 23 வருடம் இருந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம்.

கொடி விழுந்தது:

ஆர்பிட்டர் சார், நான் இரண்டு வரியில் முடித்ததை நீங்கள் முப்பது வருடத்துக்கு இழுத்துவிட்டீர்கள். ஆனால் அந்த 63, 64 கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. மாஸ்கோவும் ஒரு காரணம் என்று திருத்திக்கொள்கிறேன்.

மாடிவீட்டுச் சிப்பாய்:

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காஸ்பரோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த நாலு ஓட்டு வாங்கின மாமா அப்புறம் என்ன ஆனார்?" என்று கேட்கச் சொன்னாள்.

பழைய ஆர்பிட்டர்:

நன்றாக இருக்கிறார் என்று சொல்லுங்கள். ஒரு சைக்கிள் கடை மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். என் பேத்தி அங்கேதான் போகிறாள், சனி, ஞாயிறு. நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். பார்த்தால் எழுந்து "வாங்க சார்" என்று நாற்காலி இழுத்துப் போடுவார். என் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், எல்லோரையும் சார் என்பதால் கண்டுபிடிக்க வழியில்லை. பிள்ளைகள் எல்லாம் டிஜிட்டல் க்ளாக்கில் ஆடுகிறார்கள். அவர் மேஜையில் மட்டும் ஒரு பழைய சாவி க்ளாக் இருக்கிறது, இடது பக்கம் கண்ணாடியில் கீறல் விழுந்தது. அந்த ஆறில் ஒன்று. அது அவரிடம் எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை.